வாடகை வீடும் சக்கர நாற்காலியும்

வீடு வாடகைக்கு என்னும் பலகையைக் கண்டு வருவோரிடம், என்ன வேலை, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பது நம் வழக்கம். வந்தவர் ஊன்றுகோலுடனோ சக்கர நாற்காலியிலோ வந்துவிட்டால் அக்கேள்விகளே எழுவதில்லை. "இந்த வீடு உங்களுக்கு வசதிப்படாது, ஐயா" என்று பேச்சு வாசலிலேயே முடிந்துவிடுகிறது.

கடுஞ்சொல் கூறி விரட்டுவோர் அரியர். குளியலறைத் தரை வழுக்கும், இரவில் ஏதேனும் நேர்ந்தால் யார் பார்ப்பது என்று கனிவோடுதான் மறுக்கிறோம். அக்கனிவே நம் சிந்தனைக்குரியது. வீடு ஏற்றதா என்பதை அறியக்கூடியவர் அதில் வாழப்போகிறவர் அன்றோ! அவரை உள்ளே அழைத்துக் காட்டாமலே அவருக்காக நாம் தீர்ப்பளித்து விடுகிறோம். உண்மையில் நம் உள்ளத்தில் இருப்பது வேறு அச்சம்: சுவரை இடிப்பாரோ, வாடகை தவறுமோ, பின்னர் காலி செய்யச் சொன்னால் ஊர் தூற்றுமோ! பார்வையற்ற ஆசிரியரும் மாதந்தோறும் சம்பளம் பெறுகிறவரே என்பது அவ்வேளையில் நினைவுக்கு வருவதில்லை.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடிப் பேர். 2016ஆம் ஆண்டில் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சமுதாயத்தில் ஏனையோரோடு வாழும் உரிமை அவர்களுக்கு உண்டு என்கிறது. ஆயினும் திண்ணையில் நிகழும் மறுப்பைச் சட்டம் எட்டுவது கடினம். அதற்கு எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை.

அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டிலேயே சட்டத்தைத் திருத்தி, பெரும்பாலான வீடுகளில் ஊனத்தைக் காட்டி வாடகைக்கு மறுப்பதைத் தடைசெய்தனர். தேவையான மாற்றங்களைக் குடியிருப்பவர் தம் செலவில் செய்துகொள்ள உரிமையாளர் இசைய வேண்டும். காலி செய்கையில், நியாயமான அளவில், உட்புறத்தைப் பழையபடி ஆக்கித் தருமாறு அவர் கேட்கலாம். இருவர் அச்சமும் இதனால் குறைகிறது. இத்தகைய உடன்பாட்டை நம் வாடகை ஒப்பந்தத்திலும் இரண்டு வரிகளில் எழுதிக்கொள்ள யார் தடுக்கிறார்கள்?

தேவைப்படும் மாற்றங்களும் பெரும்பாலும் சிறியவையே. சாய்தளத்தின் நீளம் படியின் உயரத்தைப் போலப் பன்னிரு மடங்கு இருத்தல் நலம். ஆறங்குலப் படி ஒன்றிற்கு ஆறடி நீளப் பலகை போதும். வீடு மாறும்போது அவர் அதனைக் கையோடு கொண்டுபோகலாம். கழிப்பறைச் சுவரில் பதிக்கும் இரும்புக் கைப்பிடியைத்தான் கழற்ற வேண்டியிருக்கும். வீட்டில் முதிய தாயார் இருந்தால், அதுவும் இருக்கட்டும் என்று உரிமையாளரே சொல்லக்கூடும்.