சுளுக்கு என்று நினைத்தோம்

1977 கலவரத்தோடு என் அப்பா கிளிநொச்சிக்குப் போனார். பெரியப்பா டிக்கோயாப் பக்கத் தோட்டத்திலேயே நின்றுவிட்டார். 2018 இல் நான் அங்கே போனபோது, பெரியப்பா மகளின் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பிடரி நோகுது என்று அழுவாள். நடக்கும்போது தடுமாறுவாள், தேத்தண்ணிக் கோப்பை கைநழுவி விழும்.

பிள்ளைக்காம்பராவில் விழுந்த சுளுக்கு என்றார்கள். நானும் ஆமாம் போட்டேன். வன்னியில் பிள்ளைகளின் எந்த நோவுக்கும் "பங்கருக்குள் விழுந்தது" என்று சொல்லிப் பழகிய வாய் அல்லவா! சுளுக்கு எடுப்பவர் இரண்டு தடவை உருவி, கழுத்தைத் திருப்பிவிட்டார். அதன் பிறகு ஒரு கை நன்றாகவே சோர்ந்துவிட்டது.

கிளங்கன் ஆதார வைத்தியசாலையில் காட்டினோம். அங்கிருந்து கண்டிக்கும், பிறகு கொழும்பு பொரளையிலுள்ள சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கும் அனுப்பினார்கள்.

டாக்டர் கைவிரலாலேயே விளக்கினார். மண்டையோட்டுக்குக் கீழே முதலாவது கழுத்தெலும்பு ஒரு வளையம். இரண்டாவது எலும்பின் முளை பல்லைப் போல அந்த வளையத்துக்குள் நிற்கிறது. அதன் பின்னால்தான் மூளையிலிருந்து இறங்கும் முண்ணாண் போகிறது. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இந்த இணைப்பு சரியாக அமைவதில்லை. எலும்பு வழுகி முண்ணாணை நெருக்கும். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளிடம் இந்தத் தளர்வு அதிகம்.

தங்கச்சிக்கு இது உடனே விளங்கியது. கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி மலை ஏறுகிறவள். பாரம் எங்கே இறங்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

ஆனால் கையெழுத்து வைக்க ஒரு இரவு முழுக்க யோசித்தாள். "அக்கா, அப்படியே விட்டா நடக்கவாச்சும் நடக்குந்தானே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. காலையில் டாக்டர் சொன்னார்: மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அந்த எலும்பை ஒட்டியே போகிறது, ஆபத்து இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் இப்படியே விட்டால் ஒரு சின்ன விழுகையிலும் மூச்சு நின்றுபோகலாம். அவள் கையெழுத்து வைத்தாள்.

பின்கழுத்து வழியாக இரண்டு எலும்புகளையும் திருகாணி போட்டு இணைத்து, இடுப்பெலும்பில் எடுத்த சிறு துண்டை வைத்தார்கள். அது ஒட்டி ஒரே எலும்பாக மாதங்கள் செல்லும். அதுவரை கழுத்துப்பட்டி போட்டிருந்தாள். முன்பெல்லாம் இப்படியான பலருக்கு வாய் வழியாகவும் வெட்டி முளையை எடுப்பார்களாம். எலும்பு இரண்டிலும் தனித்தனியே திருகாணி போட்டு இறுக்கும் முறையை மும்பாயின் கே.ஈ.எம். மாநகரசபை வைத்தியசாலையில் டாக்டர் அதுல் கோயல் 1988 இல் தொடங்கி, 1994 இல் வெளியிட்டார். இன்று பல நாடுகளில் செய்கிறார்கள்.

அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குப் பணம் இல்லை. தங்கச்சிக்குப் போனது நாள் பேர்கள்தான். அவள் பிள்ளையோடு வார்ட்டில் இருந்த நாட்களில் ஒரு பேரும் விழவில்லை. அடுத்த லயத்துப் பெண்கள் சீட்டுக் காசை முன்கூட்டிக் கொடுத்தார்கள்.

சகோதரிகளே, தலை சாய்ந்து நிற்பது, கழுத்து குட்டையாக இருப்பது, ஓயாத பிடரி வலி, விழுங்கும்போது புரையேறுவது, கைகால் சோர்வு, நடந்த பிள்ளை தடுமாறுவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கழுத்தை உருவவோ திருப்பவோ யாருக்கும் விடாதீர்கள். கிளினிக்கில் காட்டுங்கள். வேறு ஏதாவது வருத்தத்துக்கு மயக்க மருந்து கொடுக்கப்போனாலும் கழுத்து விஷயத்தை முதலில் சொல்லிவிடுங்கள்.

தலை திரும்புவதில் பாதியளவு அந்த இரண்டு எலும்புகளுக்கிடையில்தான் நடக்கிறது. அதனால் எங்கள் பிள்ளை இன்றைக்கும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க உடம்போடு திரும்புகிறாள். கோப்பை இப்போது கைநழுவுவதில்லை. வருடத்துக்கு ஒருதரம் கிளினிக். அதற்காக முதல் நாள் இரவே தாயும் மகளும் ஹட்டனில் பஸ் ஏறுவார்கள்.