சுரங்கம் தோண்டியவர்கள் போன பிறகு

லாக்கர் கொள்ளை போனால் வாடிக்கையாளருக்குச் சட்டம் தருவது என்ன?

நவி மும்பை, ஜூயிநகர். 2017 நவம்பர் 13, திங்கட்கிழமை. வார விடுமுறை முடிந்து பாங்க் ஆஃப் பரோடா கிளையைத் திறந்த ஊழியர்கள் திகைத்துப்போனார்கள். பக்கத்தில் மாதக்கணக்கில் கடை நடத்துவதாகப் பாவனை செய்த ஒரு கும்பல், கடைக்குள்ளிருந்தே சுரங்கம் தோண்டி வந்து 30 லாக்கர்களைக் காலி செய்திருந்தது.

மாட்டுங்கா, செம்பூர் தமிழ்க் குடும்பங்களுக்கு இது யாருக்கோ நடந்த சமாச்சாரம் அல்ல. பாட்டி போட்ட அட்டிகையும், மகள் கல்யாணத்துக்குச் சீட்டுக் கட்டிச் சேர்த்த வளையலும் இருப்பது லாக்கரில்தான். தாராவியில் ஒற்றை அறையில் தங்கத்தை வைத்துக்கொண்டு தூங்க யாருக்குத் தைரியம் வரும்?

ஆனால் லாக்கரும் அன்று அத்தனை பத்திரமாக இல்லை. கொள்ளைக்கு ஐந்து மாதம் முன்புதான், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கப்பட்ட கேள்விக்கு 19 பொதுத்துறை வங்கிகள் கையை விரித்திருந்தன. லாக்கர் விஷயத்தில் தங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் உள்ள உறவு வீட்டுக்காரர்-குடித்தனக்காரர் உறவு மட்டுமே. பொருள் போனால் தாங்கள் பொறுப்பல்ல என்பது அவற்றின் வாதம்.

இந்த வாதத்தை உடைத்தது கொல்கத்தா வழக்கு ஒன்று. வாடகை செலுத்தியிருந்தும் ஒரு வாடிக்கையாளரின் லாக்கரை 1994இல் யுனைடெட் பாங்க் ஆஃப் இந்தியா உடைத்தது. ஏழு நகைகள் இருந்ததாக அவர் சொன்னார். திரும்பி வந்தவை இரண்டு. 2021 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம், வங்கி தன் கடமையைக் கைகழுவ முடியாது என்று கூறி, 5 லட்சம் ரூபாயும் வழக்குச் செலவாக 1 லட்சமும் தர உத்தரவிட்டது. ஆறு மாதத்தில் விதிகள் வகுக்கும்படி ரிசர்வ் வங்கிக்கும் ஆணையிட்டது.

அந்த விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. கூட்டுறவு வங்கிகளுக்கும் இவை பொருந்தும். திருட்டு, கொள்ளை, தீ, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு. வங்கியின் கவனக்குறைவு இல்லாத பட்சத்தில், பூகம்பத்துக்கும் வெள்ளத்துக்கும் அது பொறுப்பல்ல.

நூறு மடங்கு என்றதும் மகிழ்ந்துவிட வேண்டாம். வாடகை 3,000 என்றால் கிடைப்பது 3 லட்சம். கல்யாண நகைக்கு அது எந்த மூலைக்கு?

பறிபோன நகையின் முழு மதிப்பைக் கேட்பதில்தான் சிக்கல். உள்ளே என்ன இருந்தது என்று வங்கிக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. நிரூபிக்க வேண்டியவர் வாடிக்கையாளரே. கொல்கத்தா வழக்கிலும் சேவைக் குறைபாட்டுக்குத்தான் நஷ்ட ஈடு கிடைத்தது. நகைகளின் மதிப்புக்கு உரிமையியல் நீதிமன்றம் போகச் சொன்னார்கள். பாட்டியின் அட்டிகைக்கு ரசீது ஏது? கல்யாண ஆல்பம், நகை மதிப்பீட்டாளரின் சான்று, பழைய அடகுச் சீட்டு எல்லாமே அங்கே சாட்சியாகப் பயன்படும்.

கொள்ளை நடந்தால் முதலில் காவல் நிலையத்தில் நகைகளின் முழுப் பட்டியலோடு புகார். முதல் தகவல் அறிக்கையின் நகல் கையில் இருக்கட்டும். அடுத்து வங்கிக்கு எழுத்துமூலம் புகார். கண்காணிப்புக் கேமரா பதிவுகளை 180 நாட்களாவது வங்கி வைத்திருக்க வேண்டும் என்பதால், அவற்றை அழிக்கக் கூடாதென்று உடனே எழுதிக் கொடுப்பது புத்திசாலித்தனம். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கிளை எங்கே இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம்.

தனியார் பெட்டக நிறுவனங்களில் நகை வைத்திருப்பவர்களுக்கு ரிசர்வ் வங்கி விதிகள் உதவாது. அவர்களுக்கு நுகர்வோர் சட்டமும் ஒப்பந்தமும்தான் துணை.

போலீஸ் நகையை மீட்டாலும் அது நேரே வீட்டுக்கு வராது; மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட வேண்டும். படம் எடுத்துக்கொண்டு, உரிய பிணைப் பத்திரம் பெற்று, வழக்கு முடியும்வரை காக்க வைக்காமல் உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்று 2002இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. திருடர்கள் அதற்குள் உருக்கிவிட்டிருந்தால், எந்தக் கட்டி யாருடைய வளையல் என்ற தகராறு வேறு.