ஒரு துடிப்பு தப்புவதும் ஒழுங்கே தப்புவதும்

நெஞ்சில் ஒரு துடிப்பு தப்பி அடுத்தது ஓங்கி அடித்தால் எவருக்கும் திக்கென்றுதான் இருக்கும். ஆனால் பயத்தின் அளவைக் கொண்டு ஆபத்தின் அளவைச் சொல்லிவிட முடியாது. நேரத்துக்கு முந்தி ஒரு துடிப்பு வந்துவிட்டால் இதயம் சற்றுத் தரித்து நிற்கும். அந்த இடைவெளியில் கூடுதலாகக் குருதி நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாக இடிக்கும். 24 மணிநேரம் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியைப் பூட்டிப் பார்த்தால், நலமாக இருக்கும் பலரிடமும் இது தெரியவரும். நித்திரைக் குறைவு, கடும் சாயம், மது, மனக்கவலை எல்லாம் இதைக் கூட்டும்.

அப்படியானால் தப்பும் துடிப்புகளை மருந்தால் அடக்கிவிட்டால் என்ன? மருத்துவ உலகமும் ஒருகாலம் அப்படித்தான் எண்ணியது. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களிடம் அதைச் சோதித்த ‘காஸ்ட்’ ஆய்வின் முடிவு 1991இல் வெளியானது. மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தனர். வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். துடிப்புகள் அடங்கின, உயிர்கள் தப்பவில்லை. தப்பிய துடிப்பை எண்ணுவதை விட, அது எப்படிப்பட்ட இதயத்தில் தப்புகிறது என்று பார்ப்பதே முக்கியம் என்பதை மருத்துவர்கள் அன்று கற்றார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்ற கோளாறில் இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். நாடியில் எந்தத் தாளமும் பிடிபடாது. ஆனாலும் பலர் எதையும் உணர்வதில்லை. தேங்கும் குருதி கட்டியாகி மூளைக்குப் போனால் பாரிசவாதம். அந்த ஆபத்து இவர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து இலங்கையின் வடக்கில் இந்த நோயை ஆராய்ந்திருப்பதே இது நமக்குத் தூரத்து விஷயம் அல்ல என்பதைக் காட்டும். வீடுகள் நெருங்கி நிற்கும் குருநகர் போன்ற யாழ்ப்பாணத்து மீனவர் குடியிருப்புகள் இதில் கவனமாக இருக்க இன்னொரு காரணமும் உண்டு. நெருக்கத்தில் தொண்டைத் தொற்று இலகுவாகப் பரவும். கவனியாது விட்டால் அது சில பிள்ளைகளுக்கு வாதக்காய்ச்சலாக மாறி மைட்ரல் வால்வைச் சுருக்கும். பல வருடம் கழித்து இந்தத் தாளக்கேடு வருவதற்கு அந்த வால்வு வழிவிடும்.

வால்வு சுருங்கி இந்தத் தாளக்கேடும் வந்தவர்களுக்குக் குருதி உறைவதைத் தடுக்க வார்ஃபரின் கொடுப்பார்கள். தூண்டிலும் வலையும் கையைக் கிழிக்கும் தொழிலில் இந்த மருந்து ஆபத்தல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கைக்காயத்தை அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்தலாம். மூளையில் அடைத்த கட்டியை அப்படிக் கையாள முடியாது. குருதி உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையை ஒழுங்காகச் செய்து அளவை 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருந்தால் அபாயம் குறையும். சோதனை தேவைப்படாத புது மருந்துக்கு மாறலாமே என்பது அடுத்த கேள்வி. வாதக்காய்ச்சலால் இதயம் கெட்டவர்களிடம் 24 நாடுகளில் நடந்த ‘இன்விக்டஸ்’ ஆய்வு இதற்கு 2022இல் விடை தந்தது. புதிய மருந்தான ரிவாரொக்சபானை விட வார்ஃபரின் வகையை எடுத்தவர்களிடமே இறப்பு குறைவு, இரத்தக்கசிவும் கூடவில்லை.

ஆகவே கவலைப்பட வேண்டியது எப்போது? படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால். பாரம் தூக்கும்போதோ ஓடும்போதோ வந்தால். ஏற்கெனவே இதயநோய் இருந்தால். குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்திருந்தால். கரையில் மயங்கி விழுபவரைத் தூக்க ஆள் வரும்; நடுக்கடலில் தனியே நிற்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால் ஒருமுறை மயங்கியவர் மருத்துவரைப் பார்க்காமல் தொழிலுக்குப் போகக்கூடாது. எதையும் உணராதவர்களும் ஐம்பது வயதைத் தாண்டியபின் பெருவிரலின் கீழே மணிக்கட்டில் ஒரு நிமிடம் நாடி பிடித்துப் பார்க்கலாம். இடைக்கிடை ஒன்று தப்பினால் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது சொன்னால் போதும். தாளமே இல்லையென்றால் நாள் கடத்தாமல் ஒரு ஈசிஜி எடுங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை.