கப்பல் ஏறுமுன் டெஸ்ட்... எப்போது?

"போன வாரமே டெஸ்ட் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க!" என்று நிம்மதியாக உல்லாசக் கப்பல் ஏறப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

2020 பிப்ரவரியில், ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் நின்ற 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலில் இருந்தவர்கள் சுமார் 3,700 பேர். அதில் 700-க்கும் மேற்பட்டவர்களைக் கொரோனா தொற்றியது. பயணிகளில் பலர் அறுபது தாண்டியவர்கள்!

வைரஸ் உடம்பில் புகுந்ததுமே டெஸ்ட்டில் தெரியாது. பெருகுவதற்குச் சில நாளாகும். எனவே ரொம்ப முன்னாடி எடுத்த டெஸ்ட்டை நம்ப முடியாது. கடைசி நேரத்தில் பி.சி.ஆர். கொடுத்தாலோ, ரிசல்ட் வருமுன் கப்பல் கிளம்பிவிடும்!

இப்போது பெரும்பாலான கப்பல்களில் டெஸ்ட் கட்டாயமில்லை. ஆனாலும் தொண்டை கரகரத்தால், கிளம்பும் நாளில் ரேபிட் டெஸ்ட் எடுங்கள். அரை மணியில் தெரிந்துவிடும். 'இல்லை' என்று வந்தும் காய்ச்சல் இருந்தால், டாக்டரைக் கேட்காமல் ஏறாதீர்கள். கூட வருகிற தாத்தா, பாட்டிகளை நினைத்துப் பாருங்கள்!