குழியை மூடப் போகிறார்களா? முதலில் தரையைப் பாருங்கள்!

மரக்காணம் உப்பளம். மழைக்காலம் முடிந்து விட்டது. ஆண்களும் பெண்களும் பாத்திக்குள் இறங்கி வரிசையாக நிற்கிறார்கள். களிமண் தரையைக் காலால் மிதிக்கிறார்கள். மிதித்த இடத்தையே மறுபடியும் மிதிக்கிறார்கள்.

எதற்காக?

பாத்தியின் தரை கெட்டியாக இருக்க வேண்டும். தரை இளகி இருந்தால் உப்புநீர் மண்ணுக்குள் இறங்கி விடும். உப்பு விளையாது. பட்ட பாடு எல்லாம் வீண். ஆகவே, நீர் பாய்ச்சுவதற்கு முன்பே தரையைச் சரி செய்து விடுகிறார்கள்.

உப்பளத் தொழிலாளிக்குத் தெரிந்த இந்த உண்மை, பெரிய பெரிய நகரங்களுக்குத் தெரியாமல் போய் விட்டது. அதனால் பல ஊர்களில் குடிதண்ணீர் கெட்டது.

அந்தக் கதைதான் இது.

மலை போய் மடு வந்தது

மரக்காணத்தில் இருந்து திண்டிவனம் போகும் வழியில் பெருமுக்கல் மலை இருக்கிறது. தென்மேற்கே, வானூர் தாலுகாவில் திருவக்கரை இருக்கிறது. வக்கிரகாளியம்மன் கோவில் உள்ள ஊர். 2 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள் கல்லாக மாறிக் கிடப்பதும் இங்கேதான்.

இந்த வட்டாரத்தில் கல்குவாரிகள் பல உண்டு. பாறைக்கு வெடி வைத்துக் கருங்கல் எடுக்கிறார்கள். அது ஜல்லி ஆகிறது. வீடு கட்ட ஜல்லி வேண்டும். ரோடு போட ஜல்லி வேண்டும். குவாரியே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் கல் தீர்ந்த பிறகு என்ன ஆகிறது?

லாரிகள் போய் விடுகின்றன. பள்ளம் மட்டும் நிற்கிறது. அதில் மழைநீரும் ஊற்று நீரும் தேங்குகின்றன. சுற்றிலும் செங்குத்தான பாறை. இறங்கப் படி இல்லை. ஏறவும் வழி இல்லை. ஆழம் தெரியாமல் குளிக்க இறங்கும் சிறுவர்கள் மூழ்கிப் போகிறார்கள். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட செய்தி வராத ஆண்டே இல்லை.

"இந்தப் பள்ளத்தை மூடித் தொலைக்கக் கூடாதா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

எதைப் போட்டு மூடுவது? இங்கேதான் வருகிறது வம்பு!

ஒரே கல்லில் இரண்டு மாங்காயா?

நகரங்களில் குப்பை குவிகிறது. கொட்ட இடம் இல்லை. ஊருக்கு வெளியே பள்ளம் சும்மா கிடக்கிறது. குப்பையைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டினால், குப்பையும் ஒழியும், பள்ளமும் மூடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. நடந்தது என்ன?

பனியன் தொழிலுக்குப் பேர் போன திருப்பூரைப் பாருங்கள். அங்கே கைவிடப்பட்ட குவாரியைப் "பாறைக்குழி" என்பார்கள். திருப்பூர் மாநகராட்சி பல ஆண்டுகளாகப் பாறைக்குழிகளில் குப்பையைக் கொட்டி வந்தது. ஒரு குழி நிரம்பினால் அடுத்த குழி.

பக்கத்து ஊர் மக்கள் பொறுத்துப் பார்த்தார்கள். நாற்றம் வீசியது. ஈ மொய்த்தது. நிலத்தடி நீர் கெடுகிறது என்று முறையிட்டார்கள். 2025-ம் ஆண்டில் முதலிபாளையம், இடுவாய் முதலிய ஊர்களில் மக்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். விவகாரம் ஐகோர்ட்டு வரை சென்றது.

மாங்காய் ஒன்றும் விழவில்லை. கல்தான் திரும்பி வந்தது!

பாறை ஒழுகுமா?

"கருங்கல் பாறை ஆயிற்றே! அதற்குள் தண்ணீர் எப்படி இறங்கும்?" என்று சிலர் நினைக்கலாம்.

பாறையில் இயற்கையாகவே விரிசல்கள் உண்டு. வெடி வைத்து உடைத்ததால் இன்னும் பல விரிசல்கள் விழுந்திருக்கும். குவாரியில் ஊற்று நீர் வருகிறதே, அது எந்த வழியாக வருகிறது? இந்த விரிசல்கள் வழியாகத்தான். நீர் உள்ளே வரும் வழி இருந்தால், வெளியே போகும் வழியும் இருக்கும் அல்லவா?

குப்பையில் மழை பெய்கிறது. காய்கறிக் கழிவும், மருந்தும், பாட்டரியும், சாயமும் ஊறிக் கருப்பாகச் சாறு இறங்குகிறது. அந்தச் சாறு விரிசல் வழியாகப் போய்ப் பக்கத்துக் கிணற்றைச் சேருகிறது. ஒரு தடவை கெட்ட நிலத்தடி நீரைத் திரும்ப நல்ல நீராக்குவது மிகவும் கடினம். பல ஆண்டுகள் ஆகும்.

மரக்காணம் கடற்கரைக்கு இது இன்னும் பெரிய ஆபத்து. கடலோரத்துக் கிணறுகளில் பல உப்புக் கரிக்கின்றன. வானூர் பக்கத்தில் பூமிக்கு அடியில் மணற்கல் இருக்கிறது. அதில்தான் நல்ல தண்ணீர் தேங்கி நிற்கிறது. அந்த நீரை அளவுக்கு மேல் இறைத்தால் கடல்நீர் உள்ளே நுழையும். ஒரு பக்கம் கடல் உப்பு நெருக்குகிறது. மறு பக்கத்தில் குப்பைச் சாறும் இறங்கினால், மக்கள் எதைக் குடிப்பார்கள்?

நிலத்தின் மேலே ஓடும் நீருக்கும் இதே கதிதான். இந்த வட்டாரத்து ஏரிகள் நிரம்பி வழிந்தால் கழுவெளிக்குப் போகின்றன. கழுவெளி நீர் உப்பங்கழி வழியாகக் கடலுக்குப் போகிறது. 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்த கழுவெளியை 2021-ம் ஆண்டு தமிழக அரசு பறவைகள் சரணாலயம் ஆக்கியது. மேட்டில் நஞ்சைக் கொட்டினால் பள்ளத்தில் உள்ள பறவையும் மீனும் தப்ப முடியாது.

வீடு வெடித்தது!

ஆபத்து தண்ணீரில் மட்டும் அல்ல.

இங்கிலாந்தில் லாஸ்கோ என்று ஒரு கிராமம். அங்கே செங்கல் சூளைக்காக மண் எடுத்த பழைய பள்ளம் இருந்தது. அதில் குப்பையைக் கொட்டி நிரப்பினார்கள். 1982-ம் ஆண்டு கொட்டுவதை நிறுத்தினார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்கள்.

1986-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி. காலை நேரம். பக்கத்தில் இருந்த ஒரு வீடு திடீர் என்று வெடித்துச் சிதறியது! வீட்டில் இருந்த 3 பேர் காயம் அடைந்தார்கள்.

காரணம் என்ன? புதைந்த குப்பை மக்கும்பொழுது மீத்தேன் என்ற வாயு உண்டாகிறது. சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் அதே வாயுதான். அது நிலத்துக்கு அடியில் ஊர்ந்து போய் அந்த வீட்டுக்குள் புகுந்து விட்டது.

குழி மூடிய பிறகும் குப்பை தூங்குவது இல்லை!

விதி சொல்வது என்ன?

அப்படியானால் குப்பையைப் புதைக்கவே கூடாதா?

புதைக்கலாம். அதற்கு முறை உண்டு. 2016-ம் ஆண்டு மத்திய அரசு திடக்கழிவு விதிகளை வெளியிட்டது. அந்த விதிகள் சொன்னவற்றைப் பாருங்கள்.

குழியின் தரையில் 90 சென்டிமீட்டர் கனத்துக்குக் களிமண் போட்டுக் கெட்டியாக்க வேண்டும். அதன் மேல் ஒன்றரை மில்லிமீட்டர் கனம் உள்ள பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்ப வேண்டும்.

நிலத்தடி நீர் எவ்வளவு உயர்ந்தாலும், அந்தக் களிமண்ணுக்கு 2 மீட்டர் கீழேயே நிற்க வேண்டும்.

குடியிருப்புக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

மக்கும் குப்பையும், மறுபடி பயன்படும் குப்பையும் குழிக்கு வரவே கூடாது. எதற்கும் உதவாத மிச்சம் மட்டுமே புதைக்கப்பட வேண்டும்.

சாற்றையும் வாயுவையும் குழாய் வைத்து எடுக்க வேண்டும். மூடிய பிறகும் 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும்.

உப்பளத் தொழிலாளி காலால் மிதித்துச் செய்வதைத்தான் விதி 90 சென்டிமீட்டர் என்று எழுதி வைத்தது! ஊற்று நீர் தேங்கி நிற்கும் குவாரி இந்த விதிப்படி தேறவே தேறாது.

வேறு வழி இல்லையா?

உண்டு!

2017-ம் ஆண்டு சென்னையில் கடும் வறட்சி. ஏரிகள் வற்றி விட்டன. அப்போது கை கொடுத்தவை எவை தெரியுமா? மாங்காட்டுக்குப் பக்கத்தில், சிக்கராயபுரத்தில் இருந்த கைவிடப்பட்ட கல்குவாரிகள்தான். அவற்றில் நின்ற நீரைப் பரிசோதித்து, செம்பரம்பாக்கத்தில் சுத்தம் செய்து, சென்னை மக்களுக்குக் கொடுத்தார்கள்.

அந்தக் குவாரிகளில் குப்பையைக் கொட்டி இருந்தால்? சென்னையின் தாகத்துக்கு அந்தத் தண்ணீர் கிடைத்திருக்காது!

கனடா நாட்டில், விக்டோரியா நகருக்கு அருகே, சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளம் ஒன்று இருந்தது. சிமெண்டு முதலாளியின் மனைவி ஜென்னி புட்சார்ட் வண்டி வண்டியாக நல்ல மண்ணைக் கொண்டு வந்து அதில் பூந்தோட்டம் போட்டார். நூறு ஆண்டு கடந்தும் உலகம் எங்கும் இருந்து மக்கள் அதைப் பார்க்கப் போகிறார்கள்.

2020-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி நமது சுப்ரீம் கோர்ட்டும் ஓர் உத்தரவு போட்டது. சுரங்கம் தோண்டியவர்கள், வேலை முடிந்ததும் அந்த நிலத்தில் மீண்டும் புல் வளரச் செய்ய வேண்டும் என்று நிபந்தனை விதிக்கும்படி மத்திய அரசுக்குச் சொன்னது. மேயும் ஆடு மாடுகளுக்கும் நிலத்தில் பங்கு உண்டு என்பது இதன் பொருள்.

அனுமதிக்கு முன் 5 கேள்வி

நாளை உங்கள் ஊர்க் குவாரியை நிரப்ப யாராவது அனுமதி கேட்கலாம். கிராம சபையில் பேச்சு வரலாம். அப்போது இந்த 5 கேள்விகளைக் கேளுங்கள்.

1. என்ன கொட்டப் போகிறீர்கள்? மண்ணா, இடித்த கட்டிடத்தின் கல்லா, வீட்டுக் குப்பையா?

2. குழியில் ஊற்று உண்டா? தரைக்கும் சுவருக்கும் என்ன போடுவீர்கள்?

3. சாறும் வாயுவும் எந்த வழியாகப் போகும்?

4. சுற்று வட்டாரக் கிணற்று நீரை யார் பரிசோதிப்பார்கள்? முடிவை ஊரில் எழுதி ஒட்டுவார்களா?

5. மூடிய பிறகு 15 ஆண்டு காவல் காப்பது யார்? அதற்குப் பணம் எங்கே?

பதில் எழுத்தில் வரட்டும். கலெக்டரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை பள்ளத்தைச் சுற்றி வேலி போட்டால் போதும். பிள்ளைகளின் உயிர் தப்பும்.

மரக்காணத்தில் பாத்தியின் தரை ஒழுகினால் ஒரு பருவத்து உப்புதான் போகும். அடுத்த ஆண்டு மறுபடி மிதித்துச் சரி செய்து கொள்ளலாம். குப்பைக் குழியின் தரை ஒழுகினால், குப்பையை வாரி எடுத்து விட்டு மறுபடி மிதிக்க முடியுமா?

ஆகவே, முதல் லாரி வருவதற்கு முன்பே தரையைப் பாருங்கள்!