பல தானிய ரொட்டி: நம் இல்லத்து அடுப்பிலேயே

நெய்வேலி நகரியத்தில் நமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்று உண்டு. குடும்பத் தலைவர் சுரங்கத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். சில ஆண்டுகளாக நீரிழிவு நோயால் அவதியுறுபவர். சோற்றைக் குறைக்குமாறு மருத்துவர் சொன்னதும், அவர்தம் துணைவியார் கடையில் ‘பல தானிய ரொட்டி’ என்று அச்சிட்ட பொட்டலத்தை நாள்தோறும் வாங்கி வந்தார். இரண்டு மாதங்கள் சென்றன. சர்க்கரை அளவு இறங்கவில்லை. ஒருநாள் கல்லூரியில் பயிலும் மகள் அந்த உறையைத் திருப்பிப் படித்தாள். உட்பொருள்களின் பட்டியலில் முதலாவதாக நின்றது மைதா. தானியங்களோ பட்டியலின் அடியில் ஒதுங்கிக் கிடந்தன.

எப்பொருள் எடையில் மிகுதியோ அதுவே பட்டியலில் முதலில் வரவேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. ஆகவே, ரொட்டியின் பழுப்பு நிறத்தை நம்பாமல் பட்டியலின் முதல் வரியை நம்புவதே அறிவுடைமை. பழுப்பு நிறத்தைச் சர்க்கரையைக் கருக்கிய பாகினாலும் உண்டாக்கலாம் அல்லவா? இந்தியாவில் நீரிழிவு நோயாளர் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர் என 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. எனவே இது ஒரு வீட்டின் கவலை மட்டுமன்று.

பல தானிய ரொட்டி புதுமையானதும் அன்று. எசேக்கியேல் ஆகமத்தின் நான்காம் அதிகாரத்தில், கோதுமை, வாற்கோதுமை, பயறு வகைகள், தினை முதலியவற்றை ஒரே கலத்திலிட்டு அப்பம் சுடுமாறு இறைவாக்கினர் பணிக்கப்படுகிறார். அது முற்றுகையிடப்பட்ட நகரத்தின் பஞ்ச காலத்து உணவு. எந்தத் தானியமும் போதுமான அளவு கிட்டாத ஏழையின் அப்பம், இன்று உயர்ந்த விலையில் விற்கப்படுவது விந்தையே.

நம் பகுதியின் கதையும் இத்தகையதே. 1956-இல் நிறுவப்பெற்ற நிலக்கரி நிறுவனத்தை நாடிப் பல ஊர்களிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களுள், கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் உண்டு வளர்ந்தோர் பலர். மாதச் சம்பளமும் அரிசிச் சோறும் வந்தபின், கூழ் வறுமையின் அடையாளமாகி அடுக்களையினின்று நீங்கிற்று. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோதுதான் நாம் கைவிட்ட செல்வத்தை நினைத்துப் பார்த்தோம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியிலோ அது மிகச் சொற்பம்.

இனி, அந்த அம்மையார் கையாளும் முறையைக் கூறுவோம். கோதுமை மாவு 300 கிராம்; கேழ்வரகு மாவும் கம்பு மாவும் தலா 50 கிராம்; உலர்ந்த ஈஸ்ட் இரண்டு தேக்கரண்டி; உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி; எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி; வெதுவெதுப்பான நீர் ஏறத்தாழ 300 மில்லிலிட்டர். எள், ஆளி விதை, பூசணி விதை, சூரியகாந்தி விதை எல்லாம் சேர்ந்து 50 கிராம்.

அவர் முதன்முறை சுட்டது செங்கல்லைப் போல் இருந்ததாம். சிறுதானியம் மிகுந்தால் நல்லது என்றெண்ணிப் பாதிக்குப் பாதி கலந்ததே காரணம். கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதமே வலைபோல் விரிந்து, ஈஸ்ட் வெளியிடும் காற்றைப் பிடித்து மாவை உப்பச் செய்கிறது. கேழ்வரகிலும் கம்பிலும் அது இல்லை. ஆகவே நான்கில் மூன்று பங்கு கோதுமை இருத்தல் வேண்டும்.

விதைகளை இலேசாக வறுத்து, அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து வடித்துக்கொள்க. இன்றேல் அவை மாவின் ஈரத்தை உறிஞ்சிவிடும். மாவைப் பத்து நிமிடம் நன்கு பிசைந்த பின் விதைகளைச் சேர்த்து, ஈரத்துணியால் மூடி வைக்கவும். நெய்வேலியின் கோடை வெப்பத்தில் முக்கால் மணியிலேயே மாவு இருமடங்காகும். மார்கழியில் இன்னும் நேரம் வேண்டும். அளவுக்கு மீறிப் புளிக்க விடலாகாது. பின்னர் எண்ணெய் தடவிய தகரத்திலிட்டு, மீண்டும் அரை மணி பொங்கவிட்டு, 200 டிகிரி வெப்பத்தில் 40 நிமிடம் சுடுக. அடியில் தட்டினால் வெற்றுக்குடம் போல் ஒலிக்க வேண்டும். முற்றும் ஆறிய பின்பே அரிக.

மின் அடுப்பு இல்லையே என வருந்த வேண்டாம். பழுப்பு நிலக்கரியில் செய்த ‘லெக்கோ’ கரிக்கட்டிகள் இவ்வூர் அடுப்புகளில் எரிந்த காலமும் உண்டு. இன்று கனத்த அடியுள்ள பெரிய பாத்திரத்தில் கல்லுப்பைப் பரப்பி, மேலே தாங்கியை வைத்து, பத்து நிமிடம் சூடாக்கியபின் தகரத்தை இறக்கி மூடி, சிறு தீயில் ஒரு மணி நேரம் வரை வேகவிட்டாலும் ரொட்டி ஆயத்தமாகும். மேற்புறம் சிவக்காது, சுவை குன்றாது.

ஓர் எச்சரிக்கை: இது மருந்து அன்று. இந்த ரொட்டியும் மாவுப்பண்டமே. அளவின்றி உண்டால் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அவ்வீட்டில் காலையில் இரண்டு துண்டுகளும் சுண்டலும், அத்துடன் மாலை நடையும் வழக்கமாயின. மருத்துவர் தந்த மாத்திரையும் தவறவில்லை. அடுத்த சோதனையில் அளவு சற்று இறங்கியிருந்தது கண்டு இல்லமே மகிழ்ந்தது.

அவ்வீட்டில் பாட்டியார் ஒருவரும் இருக்கிறார். மாவில் கம்பைக் கண்ட அன்று, “நாங்க தின்னதுதானே இது!” என்று சிரித்தாராம். அன்றாட உணவுக்காக நாள்தோறும் மன்றாடும் நாம், அவ்வுணவில் என்ன இருக்கிறது என்று அறிந்து உண்பதும் நம் கடமையன்றோ?