இரவுப்பணியாளரின் பகலுறக்கம்

இரவு முழுவதும் விழித்துப் பணியாற்றி வீடு திரும்புவோரிடம், "பகலில் என்ன தூக்கம்?" என்று கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உள்ளது. அவர்களுக்கு இரவு அப்போதுதான் தொடங்குகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

மூளையிலுள்ள உயிர்க்கடிகாரம் வெளிச்சத்தைக் கொண்டே பொழுதை அறிகிறது. இருள் சூழ்ந்ததும் மெலடோனின் என்னும் இயக்குநீர் சுரந்து, உடலை உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்துகிறது. காலை வெளிச்சம் அதனை அடக்கிவிடுகிறது. ஆகவே, களைத்த உடலும் பகலில் நெடுநேரம் உறங்க இயலாமல் தவிக்கிறது.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 7 மணி நேர உறக்கமேனும் தேவை. தொடர்ந்து உறங்க இயலாதவர்கள், வீடு திரும்பியதும் நீண்ட உறக்கம், பணிக்குப் புறப்படுமுன் சிறிது உறக்கம் எனப் பிரித்துக்கொள்ளலாம். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பே காபி, தேநீரை நிறுத்திவிடுவது நன்று. சன்னலுக்குக் கனத்த திரையிட்டு, கைப்பேசியை அறைக்கு வெளியே வையுங்கள். படுக்குமுன் எளிய உணவு போதும்.

நோயாளியின் அருகில் இரவெல்லாம் விழித்திருக்கும் உறவினர்க்கும் இவை பொருந்தும். கண் சொக்கும் நிலையில் வாகனம் ஓட்டாதீர்கள். பேருந்தில் செல்லுங்கள், அல்லது 20 நிமிடம் கண்ணயர்ந்து, மயக்கம் முற்றும் தெளிந்தபின் புறப்படுங்கள்.

நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்வோர், இரவுப்பணி நாள்களில் மருந்து வேளையை எவ்வாறு அமைப்பது என மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். தூக்க மாத்திரையைத் தாமாக வாங்கி உண்ணலாகாது.

குடும்பத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. அழைப்புமணியையும் தொலைக்காட்சியையும் சில மணி நேரம் அடக்கி வையுங்கள். நள்ளிரவில் உறங்குபவரை நாம் எழுப்புவதில்லை. நண்பகலில் உறங்கும் இவரையும் எழுப்பாதிருப்போம்.